ஆறைந்து காதமும் ஒரு நாள் பயணமும்



யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவின் ரொறன்ரோ நகருக்கு எவ்வளவு தூரம்? எத்தனை மணித்தியாலப் பயணம்? இவை பூமிசாஸ்திர ஆசிரியரிடமோ பயணச்சீட்டு விற்பவரிடமோ கேட்க வேண்டிய கேள்விகள், இலக்கியப் பேச்சுக்கு இவற்றால் என்ன பயன் என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆனால் தமிழ் பிரிவைப் பாடிப் பழகிய மொழி. பிரிவைப் பாடுகின்றவர் எவரும் தூரத்தைக் கணக்கெடுக்காமல் இருக்க முடியாது. இன்று எங்கள் வீடுகளில் அடிக்கடி பேசப்படும் தூரம் இதுவாகையால், அதனையே இன்றைய பேச்சின் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் எங்கள் பழைய அளவைகளைப் பார்ப்போம். நாழிகை என்பது 24 நிமிடம். அந்த நேரத்துக்குள் ஒருவர் நடந்து கடக்கக்கூடிய தூரத்தை 'நாழிகைவழி' என்றனர். அது ஏறக்குறைய ஒன்றரை மைல். ஏழு நாழிகைவழி கொண்டது ஒரு காதம் என்பது பிற்காலத்து வாய்பாடு. இந்த வாய்பாட்டிலே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இங்கே நேரமும் தூரமும் வெவ்வேறு பொருள்களாகப் பிரிந்து நிற்கவில்லை. நடக்கிற காலைக் கொண்டே வழியை அளந்தார்கள். பின்னர் வெள்ளைக்காரர் மைல் கணக்கில் தெருவோரம் கல் நட்டபோது, அதற்கும் நாங்கள் 'கட்டை' என்று எங்கள் சொல்லையே வைத்தோம். மைல் போய்க் கிலோமீற்றர் வந்த பிறகும், இத்தனையாம் கட்டையடி என்று இடத்துக்குப் பெயர் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தூரத்தைச் சொல்லும் கலைக்குத் தமிழிலே சிறந்த உதாரணம் சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் இருக்கிறது. கோவலனும் கண்ணகியும் விடியுமுன் புகார் நகரை விட்டுப் புறப்படுகிறார்கள். மாடத்திலே வாழ்ந்த பெண். ஒரு காத தூரம் நடந்த அளவிலேயே மூச்சு வாங்குகிறது. மதுரை என்ற பழைய ஊர் எது என்று கேட்கிறாள். வழியில் முப்பது காதம் உண்டு. கோவலன் முப்பது என்று சொல்லவில்லை. அதனை ஆறைந்து என்று உடைத்துச் சொல்லிக் கிட்டத்தான் என்று சிரிக்கிறான். முப்பது என்ற பெருந்தொகை அவளை மலைக்கச் செய்துவிடும், ஆகையால் சிறிய எண்களாக்கிச் சொன்னான் என்று எங்கள் ஆசிரியர்கள் விளக்கம் தருவார்கள். அந்தச் சிரிப்பு எத்தகைய சிரிப்பு என்பதையும் வகுப்பிலே நிறுத்திக் கேட்பார்கள்.

இவ்விடத்தைப் படிப்பிக்கும்போது மாணவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "சேர், அது எத்தனை கிலோமீற்றர்?" நியாயமான கேள்வி. காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாரிலிருந்து மதுரைக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 230 கிலோமீற்றர். அவர்களோ உறையூர் வழியாகப் போனார்கள். அந்த வழி 250 கிலோமீற்றருக்குக் குறையாது. அதை முப்பதால் பிரித்தால் இளங்கோவடிகளின் காதம் எட்டுக் கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட வரும். பிற்கால வாய்பாட்டின் காதம் அதனிலும் நீண்டது. காதத்தின் அளவு காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது என்பது இதனால் விளங்கும். இன்றைய பயணிகள் விமானம் மணிக்கு ஏறக்குறைய 900 கிலோமீற்றர் செல்வது. அதற்கு இந்த வழி அரை மணித்தியாலம்கூட இல்லை. ஆனால் அரை மணித்தியாலத்தில் போயிருந்தால் நாடுகாண் காதை இல்லை, காடுகாண் காதை இல்லை, கவுந்தியடிகளும் இல்லை. காப்பியத்தின் ஒரு பெரும் பகுதி வழியிலேதான் நடக்கிறது.

இனி எங்கள் தூரத்துக்கு வருவோம்.

வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து, அதன் ஒரு முனையை யாழ்ப்பாணத்திலும் மறுமுனையை ரொறன்ரோவிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். சுவரிலே தொங்கும் தட்டையான படத்தைப் பார்த்துப் பழகிய கண், நூல் மேற்கே அரபுக்கடலையும் ஆபிரிக்காவையும் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து போகும் என்று எதிர்பார்க்கும். நூல் அப்படிப் போகாது. அது வடக்கே, சற்று மேற்காகச் சாய்ந்து, இந்தியாவையும் மத்திய ஆசியாவையும் ரஷ்யாவையும் கடந்து, ஆர்க்டிக் வட்டத்துக்குள் புகுந்து, மறுபக்கமாகக் கனடாவில் இறங்கும். உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கிடையில் மிகக் குறுகிய வழி இதுதான். பெருவட்டப் பாதை என்பார்கள். அந்த வழியில் யாழ்ப்பாணத்துக்கும் ரொறன்ரோவுக்கும் ஏறக்குறைய 13,700 கிலோமீற்றர். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீற்றர் ஆகையால், எந்த ஊரும் எந்த ஊருக்கும் 20,000 கிலோமீற்றருக்கு மேல் தூரமாக இருக்க முடியாது. அந்த எல்லையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கூடிய தூரம் இது.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. யாழ்ப்பாணம் கிழக்கு நெடுங்கோடு 80 பாகையில் இருக்கிறது. ரொறன்ரோ மேற்கு நெடுங்கோடு 79 பாகையைச் சிறிது தாண்டி இருக்கிறது. கிரீனிச்சிலிருந்து பார்த்தால் இரண்டு ஊர்களும் இருபுறத்திலும் ஏறத்தாழ ஒரே அளவு விலகி நிற்கின்றன.

கனடா எங்களுக்கு வடக்கே இருக்கிறது என்றேன். ஆனால் கனடாவுக்குப் போகின்ற யாழ்ப்பாணத்தவர் பெரும்பாலோர் முதலில் தெற்கே போகிறார்கள். கட்டுநாயக்காவுக்குப் போகும் இரவு பஸ் அவரை ரொறன்ரோவுக்குக் கிட்டவாக்காமல் இன்னும் சில நூறு கிலோமீற்றர் விலக்கிவிடுகிறது. கட்டுநாயக்காவிலிருந்து பெருவட்டக் கணக்கு ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர்.

டுபாய் வழியாகப் போகிறவரின் கணக்கைப் பார்ப்போம். கொழும்பிலிருந்து டுபாய் ஏறக்குறைய 3,300 கிலோமீற்றர். ஐந்து மணித்தியாலத்துக்குச் சற்று உட்பட்ட பறப்பு. டுபாயிலிருந்து ரொறன்ரோ ஏறக்குறைய 11,100 கிலோமீற்றர். பதினான்கு மணித்தியாலம் அளவில் செல்லும். லண்டன் வழியாகப் போனாலும் மொத்தத் தூரம் 14,400 கிலோமீற்றர் அளவிலேயே வரும். எப்படிப் போனாலும் வானத்திலே செல்வது பத்தொன்பது இருபது மணித்தியாலம். இவ்வளவு தூரத்தை நிற்காமல் பறக்க இன்றைய விமானங்களுக்கு வலு இல்லாமல் இல்லை. சிங்கப்பூரிலிருந்து நியூயோர்க்குக்கு 15,300 கிலோமீற்றர் நிற்காமல் பறக்கிற சேவை நடந்து வருகிறது.

வீட்டுப் படலையிலிருந்து படலை வரைக்கும் எண்ணினால் கணக்கு வேறு. யாழ்ப்பாணத்திலிருந்து விமான நிலையத்துக்கு எட்டு மணித்தியாலம் என்று வையுங்கள். அங்கே மூன்று மணித்தியாலம் முன்னதாக நிற்கவேண்டும். டுபாய்க்கு ஐந்து, அங்கே காத்திருப்பு நான்கு, பிறகு பதினான்கு. இறங்கியபின் குடிவரவு வரிசையும் பெட்டி எடுப்பதும் இரண்டு. மொத்தம் 36 மணித்தியாலம். குளிர்காலத்தில் ரொறன்ரோ எங்களுக்குப் பத்தரை மணித்தியாலம் பிந்தியது, கோடையிலே ஒன்பதரை. ஆகவே குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்குப் புறப்பட்டவர் போய்ச் சேரும்போது அந்த ஊர் மணிக்கூட்டில் சனிக்கிழமை இரவு 9.30. மணிக்கூட்டை மட்டும் பார்த்தால் இருபத்தைந்தரை மணித்தியாலம்தான் கழிந்திருக்கும்.

"ஒரு நாள் பயணம்தானே அம்மா, என்ன பெரிய தூரம்?" என்று தொலைபேசியில் சொல்லும் மகனை நாங்கள் அறிவோம். அவன் பொய் சொல்லவில்லை. மணிக்கூட்டுக் கணக்கில் அது ஒரு நாள்தான். ஆனால் அவன் மறைத்துவிட்ட பத்தரை மணித்தியாலம் எங்கோ இருக்கிறது. திரும்பி வருகிறபோது அது வட்டியில்லாக் கடன்போல வந்து சேரும். 36 மணித்தியாலப் பயணம் நாட்காட்டியிலே ஏறக்குறைய இரண்டு நாளை எடுத்துக்கொள்ளும். தாய்க்கு முப்பதை ஆறைந்தாக்கிச் சொல்லும் வித்தையை இவன் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. இரண்டாயிரம் வருடப் பாலைத்திணையின் பிள்ளையாகையால் அது தானாக வருகிறது.

திரும்பி வருகிறபோது இன்னொன்றும் நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்தில், பூமியின் நடு அகலக்கோடுகளில், மேற்கிலிருந்து கிழக்காகக் கடுங்காற்று வீசிக்கொண்டிருக்கும். மேற்கே போகும் விமானத்தை அது தடுக்கிறது. கிழக்கே வரும் விமானத்தைத் தள்ளிவிடுகிறது. ரொறன்ரோவிலிருந்து டுபாய்க்கு வரும் நேரம் போன நேரத்தைவிட ஒரு மணித்தியாலம் அளவில் குறைவு. முல்லைத்திணைப் பாடல்களைப் படித்தவர்களுக்கு இது பிடிக்கும். அங்கே வினை முடித்துத் திரும்பும் தலைவன், தேரை விரைந்து செலுத்தும்படி பாகனைக் கேட்பான். மழை தொடங்குமுன் வீடு சேரவேண்டும். ஊர் திரும்புகிறவனின் அவசரத்தை அன்றைய புலவன் பாகனின் கையிலே வைத்தான்.

இதுவரை சொன்னது பயணச்சீட்டும் விசாவும் உடையவர்களின் தூரம். எல்லோருக்கும் இந்தக் கணக்குப் பொருந்தவில்லை.

வட அமெரிக்காவுக்கு எங்கள் கரையிலிருந்து பாய்விரித்துப் போன கப்பல் ஒன்றுண்டு. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி, அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, வல்வெட்டித்துறை மாலுமிகளோடு சூயெஸ் கால்வாயையும் மத்தியதரைக் கடலையும் அத்திலாந்திக்கையும் கடந்து, 1938 ஓகஸ்டில் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளோஸ்ரர் துறைமுகத்தைச் சேர்ந்தது. பல மாதங்கள் பிடித்த அந்தப் பயணத்தை இன்றும் நாங்கள் பெருமையோடு சொல்கிறோம். போனவர்கள் விரும்பிப் போனார்கள்; துறைமுகம் அவர்களை வரவேற்றது.

அதன்பின் நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1986 ஓகஸ்டில், கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டார்கள். ஜேர்மனியிலிருந்து கப்பலில் ஏற்றிவரப்பட்டு நடுக்கடலிலே படகில் இறக்கிவிடப்பட்டவர்கள் அவர்கள். 2010 ஓகஸ்டில் 'சன் சீ' என்ற கப்பல் பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து 492 பேரோடு கனடாவின் மேற்குக் கரையைச் சேர்ந்தது. அவர்கள் கடலிலே ஏறக்குறைய மூன்று மாதம் இருந்தார்கள். இந்த இரண்டு வருகைகளும் செய்தியில் இடம்பெற்றவை. மொஸ்கோவிலும் ஆபிரிக்க நகரங்களிலும் தங்கித் தங்கி, மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் போய்ச் சேர்ந்தவர்களின் வழிகள் செய்தியில் வரவில்லை. 13,700 கிலோமீற்றர் அவர்களுக்கும் அதே 13,700 தான்.

யுத்த காலத்தில் இந்தப் பயணத்தின் மிக நீண்ட பகுதி யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையிலேயே இருந்தது. 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 இல் வடக்கே வராமல் நின்றது. யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் புகைவண்டி வந்தது 2014 ஒக்டோபரில். இடையிலே கிளாலிக் கடனீரேரியை இரவில் படகிலே கடந்தவர்கள் உண்டு. பின்னர் திருகோணமலைக்கும் வடகரைக்கும் இடையில் கப்பலுக்குப் பெயர் பதிந்துவிட்டு நாட்கணக்கில் நின்றவர்கள் உண்டு. கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்குப் போன நேரத்தைவிட, கொழும்புக்கு வந்து சேர எடுத்த நேரம் பலருக்குக் கூடவாக இருந்தது.

நேரமே அந்நாளில் இரண்டாகப் பிரிந்தது என்பதையும் மறந்துவிடக்கூடாது. 1996 மே மாதத்தில் இலங்கையின் மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுக்கப்பட்டது. 2006 ஏப்ரலில் பழைய நேரம் திரும்பும்வரை, புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னியிலே பழைய நேரமே நிலவிற்று. ஓமந்தையைக் கடக்கிறவர் தூரத்தால் சில நூறு மீற்றரும் நேரத்தால் அரை மணித்தியாலமும் கடந்தார்.

வடக்குக்கு வடக்காகவே ஒரு வானவழி இருந்தது என்பதும் இவ்விடத்தில் சொல்லத்தக்கது. 1947 டிசெம்பர் 10 ஆம் திகதி எயர் சிலோனின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறைக்கு, அதாவது பலாலிக்கு வந்து, அங்கிருந்து சென்னைக்குப் போயிற்று. யுத்தத்தினால் பல்லாண்டு அற்றுப்போயிருந்த பலாலி–சென்னை வழி 2019 நவம்பரில் திறந்து, பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசெம்பரில் மறுபடி தொடங்கிற்று. ஏறக்குறைய 350 கிலோமீற்றர் தூரம். அடுத்த வீட்டுக்குப் போக இத்தனை வருடம் காத்திருந்தோம்.

நேயர்களே, தூரத்தை எங்கள் வீடுகள் மிகத் துல்லியமாகக் கணக்கிடுகிற இடம் ஒன்று இருக்கிறது. அது செத்தவீடு. முன்பெல்லாம் உயிர் பிரிந்த அன்றே, பிந்தினால் மறுநாள், பிரேதத்தை எடுத்துவிடுவார்கள். இன்று முற்றத்தில் கூடுகிறவர்கள் முதலில் கேட்பது, "பிள்ளையள் எங்கை? எப்ப வருகினம்?" என்பதுதான். ரொறன்ரோவில் இருக்கும் மகனுக்குச் சீட்டுக் கிடைக்க ஒரு நாள், வந்துசேர இரண்டு நாள் என்று பெரியவர் ஒருவர் விரல் மடித்துச் சொல்லுவார். மலர்ச்சாலைக்காரரிடம் அந்தக் கணக்கே கொடுக்கப்படும். வானொலியில் நீங்கள் கேட்கும் மரண அறிவித்தலிலே ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் கனடா, லண்டன், பிரான்ஸ், நோர்வே என்று நாடு வருகிறது. எங்கள் காலத்துத் தூரத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் வேறொரு உரைநடை தமிழில் இல்லை என்பது என் எண்ணம்.

அந்த அறிவித்தலிலே பெயர் இருந்தும் வரமுடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அகதி விண்ணப்பம் முடிவாகாதவர், கடவுச்சீட்டு இல்லாதவர், ஒருமுறை வெளியேறினால் திரும்பி நுழைய முடியாதவர். அவர்களுக்கு விமானம் 36 மணித்தியாலத்தில் வந்தால் என்ன, ஆறு மணித்தியாலத்தில் வந்தால் என்ன? பயணச்சீட்டு விற்பவர் சொல்லும் நேரம் விமானம் எழும்பும்போது தொடங்கும். இவர்களுடைய நேரம் விண்ணப்பம் கொடுத்த நாளிலே தொடங்கி, பத்து, பதினைந்து வருடமாகியும் முடியாமல் கிடக்கிறது. தலைவன் பிரிந்த நாள்களைக் கோடிட்டு வைத்து, அவற்றைத் தொட்டு எண்ணி எண்ணி விரல் தேய்ந்த தலைவியை வள்ளுவர் காமத்துப்பாலில் காட்டுகிறார். அவள் கிலோமீற்றரைக் கேட்கவில்லை. இன்று கைத்தொலைபேசித் திரையிலே தகப்பனின் கொள்ளியைப் பார்க்கும் மகனும் அப்படித்தான். அவன் எண்ணுவதும் நாள்களைத்தான்.

புலம்பெயர்ந்தோர் எழுத்திலே போய்ச் சேர்ந்த இடம் நிறைய வந்திருக்கிறது. பனியும் பனி சார்ந்த நிலமும் ஆறாந் திணை என்று பேசப்படும் அளவுக்கு வந்திருக்கிறது. விட்டுவந்த ஊரும் வந்திருக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட வழி இன்னும் போதிய அளவில் எழுதப்படவில்லை என்று நான் கருதுகிறேன். விமானம் வழியைத் தின்றுவிட்டது என்பது ஒரு காரணம். இரவு உணவும் ஒரு துயிலும் தவிர அதில் என்ன நடக்கிறது? ஆனால் எங்களிற் பலர் அப்படிப் போகவில்லையே. எந்தக் காட்டு எல்லையில் எத்தனை இரவு, எந்த விமான நிலையத்துக் கதிரையில் எத்தனை மணித்தியாலம், கையில் எவ்வளவு காசு, பக்கத்தில் இருந்தவர் எந்த ஊர் என்பவை இன்னும் ஞாபகத்தில் இருக்கும்போதே எழுதப்படவேண்டும். அந்த வழிகளிலே போனவர்களின் முதல் தலைமுறை இப்போது அறுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது. அவர்களின் பிள்ளைகள் ரொறன்ரோவிலேயே பிறந்தவர்கள். அவர்களுக்குத் தகப்பன் வந்த வழி தெரியாது. கேட்டாலும் தகப்பன், "பிளேனில வந்தனான்" என்று ஒரு வசனத்தில் முடித்துவிடுகிறார். அதுவும் முப்பதை ஆறைந்தாக்கிச் சொல்வதுதான். கேட்கிறவர் மனம் நோகாமல் இருக்கச் சொல்லப்படும் கணக்கு.

கோவலன் சொன்ன சிறிய கணக்கைக் காப்பியம் மறைக்கவில்லை. அவன் சொன்னதையும் எழுதியது, அதன்பின் அவர்கள் நடந்த ஒவ்வொரு வழியையும் எழுதியது. ஆகையால் எங்கள் வீடுகளில் இருக்கும் பிள்ளைகளிடமும், கடலுக்கு அப்பால் இருக்கும் பிள்ளைகளிடமும் நான் கேட்டுக்கொள்வது ஒன்று. அடுத்த முறை மாமாவோடோ சித்தப்பாவோடோ கதைக்கும்போது, அங்கே குளிர் எப்படி என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். எந்த வழியாகப் போனீர்கள், எத்தனை நாள் பிடித்தது என்று கேளுங்கள். சொல்லத் தொடங்கினால் ஒரு கொப்பியை எடுத்து எழுதிக்கொள்ளுங்கள்.